கட்டைவிரல் அளவுப் பள்ளம்

"மாமா, இந்தக் கதவுல ஒரு பள்ளம் இருந்துச்சே, எங்க போச்சு?"

காரில் வயரிங் பார்த்துக்கொண்டிருந்த மச்சான் சாதாரணமாகத்தான் கேட்டான். பெயிண்டர் தேய்த்துக்கொண்டிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தார். முந்தாநாள் கதவின் உள்பலகையைக் கழற்றியபோது, உள்ளேயிருந்து நாலு தட்டு தட்டி அந்தப் பள்ளத்தை நிமிர்த்திவிட்டிருந்தார். யோசித்துச் செய்யவில்லை. இருபத்தெட்டு வருஷப் பழக்கம். பள்ளத்தைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது.

"அதைத் தொடாதீங்கன்னு அந்த சார் போன்ல தலைபாடா அடிச்சுக்கிட்டாரே மாமா."

அடித்துக்கொண்டது உண்மைதான். ஐம்பது வருஷத்துக் கார் அது. சாரின் மனைவி கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். சார் பேசியதெல்லாம் போனில்தான்.

"கலர் எதுவா இருந்தா என்ன தம்பி, வீட்டுல சொல்றதை அடிங்க. ஆனா ஸ்டீயரிங்ல ஒரு கீறல் இருக்கு. கியர் குமிழ் ஒரு பக்கம் தேஞ்சிருக்கு. டிரைவர் கதவுல, கைப்பிடிக்குக் கீழ, கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம். இந்த மூணையும் தொட்டுடாதீங்க. அந்தப் பள்ளம் என் பொண்ணு சைக்கிள் கத்துக்கிட்டப்ப இடிச்சது. அதுக்காக அன்னைக்கு அவளை அடிச்சிட்டேன். அவ இப்ப இல்ல."

போனை வைத்ததும், "பெயிண்ட் அடிக்கக் கொடுத்துட்டு கலரைப் பத்திக் கவலைப்படாத ஆளை இப்பத்தான் பார்க்குறேன்" என்று பெயிண்டர் சிரித்திருந்தார். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தாலும் கூசியது.

"உள்ளதைச் சொல்லிடுங்க மாமா."

"எந்த முகத்தை வெச்சுக்கிட்டுச் சொல்றது? உங்க பொண்ணு ஞாபகத்தைத் தட்டிச் சரி பண்ணிட்டேன்னா? பிரிக்கிறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ இருக்குல்ல, அதை எடு."

போட்டோவை எதிரில் வைத்துக்கொண்டு, சுத்தியல் முனையில் துணியைச் சுற்றி, அதே இடத்தில், அதே அளவில் ஒரு பள்ளத்தை உண்டாக்கினார். அதன்மேல் பிரைமர் அடித்தார். நீலப் பெயிண்டை இரண்டு தடவை ஓட்டினார். மச்சான் போட்டோவைக் கதவோடு வைத்துப் பார்த்துவிட்டு, "அச்சு அசல் மாமா. யார் கண்ணாலயும் கண்டுபிடிக்க முடியாது" என்றான். பெயிண்டருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

வண்டி எடுக்கிற நாளில் சாரும் மனைவியும் கைகோர்த்துக்கொண்டு வந்தார்கள்.

"இந்த வயசுலயும் கையை விடல பாருங்க. புது மாப்பிள்ளை கணக்கா கூலிங் கிளாஸ் வேற" என்று மச்சான் காதைக் கடித்தான்.

"நீலம் ரொம்ப நல்லா வந்திருக்குங்க" என்றார் மனைவி. சார் தலையாட்டினார். சாவியை மனைவிதான் வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார். சார் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங் கீறலைத் தடவினார், கியர் குமிழைப் பிடித்தார். முகம் மலர்ந்தது. இறங்கி, கதவைச் சாத்தி, கைப்பிடிக்குக் கீழே கட்டைவிரலை வைத்தார்.

விரல் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"தம்பி, இது என் பொண்ணு இடிச்சது இல்ல."

பெயிண்டர் அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வேறு சொன்னது.

"அதேதான் சார்."

"அதுக்குள்ள ஒரு மடிப்பு இருக்கும். நகம் மாட்டும். இது வழவழன்னு இருக்கு."

"நான் எதுக்கு சார் பொய் சொல்லப்போறேன்? பழைய போட்டோவே இருக்கு. ரெண்டையும் பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க" என்று போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

சார் திரும்பவே இல்லை. விரல் இன்னும் அந்த மடிப்பைத் தேடிக்கொண்டிருந்தது. மனைவிதான் பெயிண்டரின் கையை மெல்லத் தாழ்த்தினார்.

"போட்டோவை என்கிட்ட காட்டுங்க தம்பி. அவருக்குப் பார்வை போய் ஒன்பது வருஷமாச்சு."