சொந்த வேன்

ஷெஃபீல்டில் அந்த ராக் குழு தொடங்கி ஒரு வருடம். பேஸ் கிட்டார் கிரெக் தப்பில்லாமல் வாசித்த பாட்டு ஒன்றுகூட இல்லை. ஆனால் ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போக வேன் வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். அதனால் பாடகி ஹேசலும் டிரம்மர் டோபியும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போனார்கள்.

இன்று ஒத்திகை அறை வாசலில் அவர்கள் இருவரும் வாங்கிய சொந்த வேன் நின்றது. பழசுதான்.

"நீயே சொல்லு" என்று டோபி நழுவினான்.

ஹேசல் கிரெக்கிடம் டீயை நீட்டினாள். "தப்பா நினைக்காதடா. இனிமே நீ வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம்."

கிரெக் பெருமூச்சு விட்டான். "அப்பாடா! இந்த அலைச்சல் எனக்கு ஒத்துவராதுன்னு சேர்ந்த மறு வாரமே தெரிஞ்சுபோச்சு. நான் திடீர்னு விலகிட்டா, வேனில்லாம நீங்க தெருவுல நிப்பீங்க. அதான், நீங்களே வேற வேன் வாங்கி என்னைக் கழட்டிவிடுவீங்கன்னு தப்புத் தப்பா வாசிச்சேன். ஒரு வருஷமா இழுத்துட்டீங்களே! சரி, கடைசியா ஒண்ணு வாசிக்கட்டுமா?"

வாசித்தான். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. ஹேசல் பாட மறந்து நின்றாள்.

டோபி குச்சிகளைக் கீழே வைத்தான்.

"அவன் வேனே நல்லாத்தான்டி இருந்துச்சு" என்றான்.