இறக்கத்தில் முயல்

ஏற்றத்தில் அந்த முயலை யாராலும் பிடிக்க முடியாது. இறக்கம் வந்தால் மட்டும், விழுந்துவிடுவோமோ என்று பின்னால் சாயும். உடனே வழுக்கி, வால் தேயத் தேய வரும்.

“என்ன மச்சான், மலையைப் பெருக்குறியா?” என்று சிரித்தது வெள்ளாடு. “சாயுறதாலதான் வழுக்குது. முன்னால குனிஞ்சு, சின்னச் சின்னதா கால் வை.”

அப்போது உச்சியில் வேட்டைநாய் குரைத்தது. ஆடு பாறைமேல் தாவிவிட்டது. முயலுக்கு அடிவாரத்து வளைதான் ஒரே வழி. முன்னால் குனிந்து, குட்டிக் குட்டி அடியாக வைத்து ஓடியது. வழுக்கவே இல்லை!

வளை வாசலில் திரும்பிப் பார்த்தது. பாதிச் சரிவில் நாய் பின்னால் சாய்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது.

முயலுக்கு மனசு கேட்கவில்லை. “அண்ணே, சாயாதீங்க! முன்னால குனிஞ்சு...”

“அடேய்,” என்று ஆடு கத்தியது, “முதல்ல உள்ளே போடா!”