ஏழாம் படத்துக்கு ஒரு வக்கீல்

"ஏழாம் நம்பர் படத்துல வெயில் எந்தப் பக்கத்துல இருந்து வருது? யாராவது சொல்லுங்க பாப்போம்," என்றார் படங்களுக்குச் சட்டம் போட்டுத்தரும் பிரேம் கடைக்காரர். "கொடியில துணி காயுது. நிழலைத்தான் காணோம். துணியோட சேர்த்து நிழலையும் துவைச்சிட்டாங்க போல."

நூலக மாடியறையில் சிலர் சிரித்தார்கள். நர்ஸ் சிரிக்கவில்லை. போன கூட்டத்திலும் இந்த மனுஷன் ஏழாம் படத்தைத்தான் கடித்துக் குதறினார். அதற்கு முந்தின கூட்டத்திலும் அதேதான். இரண்டு தடவையும் அவள், "அப்படி ஒண்ணும் மோசமில்ல" என்று அவரிடம் சிலிர்த்துக்கொண்டாள்.

ஓவியக் குழுவில் வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற தேர்வு இது. வீட்டில் வரைந்த படத்தைப் பொதிந்து நூலகத்தில் கொடுத்துவிட வேண்டும். பின்பக்கம் எழுதிய பெயர் காகிதம் ஒட்டி மறைக்கப்பட்டிருக்கும். மூன்று கூட்டங்களில் எல்லாரும் அலசுவார்கள். கடைசிக் கூட்டத்தில் கை தூக்கி ஓட்டு. ஜெயித்தவர் அடுத்த ஆறு மாதமும் தன் வித்தையை மற்றவர்களுக்குச் சொல்லித்தருவார். எது தன் படம் என்று சொல்லக் கூடாது, தன் படத்தைத் தானே புகழவும் கூடாது. அவ்வளவுதான் விதி.

நர்ஸ் இந்த வருஷம் படம் வைக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த தையல்காரி ஜெயிக்க வேண்டும், அது போதும் அவளுக்கு. "கிறுக்குறதுக்கு ஒரு சங்கமா? இந்தத் தடவையும் ஒண்ணும் இல்லேன்னா இதோட நிறுத்திக்கோ" என்று தையல்காரியின் புருஷன் சொல்லியிருந்தான். அவளோ நாலு பேர் முன்னால் வாயைத் திறக்காதவள். கொடியில் காயும் துணியை அவளை விட்டால் வேறு யார் இத்தனை மடிப்போடு வரைவார்கள்? நர்ஸ் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள்.

தேநீர் இடைவேளையில் அவளை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அந்தாளு ஏழாவதையே ஏன் குறி வைக்கிறாரு தெரியுமா?"

"அவருக்குப் பிடிக்கலையோ என்னவோக்கா."

"பிடிக்கலைன்னா ஒரு தடவை சொல்லலாம். மூணு கூட்டமா சொன்னா உள்ள ஏதோ இருக்குன்னு அர்த்தம். மத்த எட்டுப் படத்தையும் பத்திப் பேசினவரு, மூணாவதைப் பத்தி மட்டும் வாயே திறக்கல, கவனிச்சியா? அதான், பஸ் ஸ்டாப்புல மழைக்கு ஒதுங்கி நிக்கிறாங்களே, அது. அது அவரோடதுதான். போட்டிக்கு ஏழாவது நிக்குதேன்னு அதைக் கவுக்கப் பாக்குறாரு."

தையல்காரியின் முகம் வெளுத்தது. "ஐயோ, அப்படியெல்லாம் இருக்காதுக்கா. மூணாவது வந்து..."

"நீ ஒண்ணும் பேசாத. விதி இருக்கு. எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்."

உள்ளே போனதும் நர்ஸ் எழுந்து நின்றாள்.

"உச்சி வெயில்ல நிழல் எங்கங்க நீளமா விழும்? அந்த வெள்ளைத் துணியைக் கிட்ட வந்து பாருங்க. அதுல பெயிண்டே கிடையாது. தாளை அப்படியே விட்டுட்டு சுத்தி மட்டும் கலர் அடிச்சிருக்காங்க. ஒரு சொட்டு உள்ள போயிருந்தா மொத்தமும் வீண்."

"பெயிண்ட் தீந்து போயிருக்கும்," என்றார் பிரேம் கடைக்காரர்.

நர்ஸுக்குச் சுருக்கென்றது. மடிப்பு மடிப்பாக விளக்க ஆரம்பித்தாள். ஒவ்வொருவராக எழுந்து வந்து மூக்கு உரசுகிற தூரத்தில் நின்று பார்த்தார்கள். "அட, ஆமா. நானும் பெயிண்ட்டுன்னுதான் நெனச்சேன்," என்றார் ஒரு பஸ் கண்டக்டர்.

"ஏழாம் நம்பருக்கு வக்கீல் வந்தாச்சு," என்று முணுமுணுத்தார் பிரேம் கடைக்காரர்.

நர்ஸ் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் போன கூட்டம் வரை எல்லாரும் மெச்சியது மூன்றாம் படத்தைத்தான். அது ஜெயித்தால் தோழியின் கதை இன்றோடு முடிந்தது.

"மூணாவதுல மழையைப் பாருங்க. ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி இருக்கு. நிக்கிற பதினோரு பேருக்கும் ஒரே மூக்கு. ஒரே வீட்டுப் பிள்ளைங்களா எல்லாரும்?"

அறை குலுங்கச் சிரித்தது. பிரேம் கடைக்காரர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தையல்காரி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாவம், அவளுக்காக இதுவரை யாரும் இப்படிப் பேசியிருக்க மாட்டார்கள் என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள்.

ஓட்டெடுப்பில் ஏழுக்குப் பன்னிரண்டு கைகள் உயர்ந்தன. மூன்றுக்கு ஒரே ஒரு கை, அதுவும் பிரேம் கடைக்காரருடையது. "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்று நர்ஸ் தோழியின் தொடையில் தட்டினாள்.

குழுத் தலைவர் ஒரு பல் டாக்டர். ஏழாம் படத்தைத் திருப்பி, பல் பிடுங்குகிற பக்குவத்தோடு காகிதத்தை உரித்தார். பெயரைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"பிரேம் கடைக்காரரே, இது உங்க படமா? வாங்க முன்னால."

அவர் நிதானமாக எழுந்து வந்தார். நர்ஸின் நாற்காலி அருகே நின்று கை கூப்பினார்.

"ரொம்ப நன்றிம்மா. நான் குறை சொன்னா நீங்க விட மாட்டீங்கன்னு முதல் கூட்டத்துலயே தெரிஞ்சுபோச்சு. அந்தத் தைரியத்துலதான் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

நர்ஸ் திடுக்கிட்டுப் பக்கத்தில் திரும்பினாள். தையல்காரி அங்கே இல்லை. சுவரோரம் குனிந்து, மூன்றாம் படத்தை எடுத்துத் தன் துணிப்பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.