பாலம் வரைக்கும் மட்டும்

“விடுங்க பெட்டியை. விடுங்கன்னா.”

வெளியூர்க்காரப் பெண் கைப்பிடியைப் பிடித்து இழுக்க, மறுபக்கம் அல்வீசே பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார். எழுபது வயது மனுஷர். படகுத் துறையில் கயிறு கட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிடி மட்டும் தளரவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒர்னெல்லா சந்துக்குள் நுழைந்தாள். ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி. மாற்று நர்ஸ் தாமதமாக வந்ததால் இன்றைக்கு மணி பத்தாகிவிட்டது. வெனிஸில் விடுதியைக் காலி செய்கிறவர்கள் எல்லாரும் ரயிலுக்குக் கிளம்புகிற நேரம்.

“பெரியவரே, என்ன இது?”

“ஒண்ணுமில்லம்மா. ஊருக்குப் போறாங்க. தூக்கிக் குடுக்கலாம்னு பார்த்தா, திருடன்னு நினைக்கிறாங்க.”

“பின்னே? பிடுங்கினா வேற என்ன நினைப்பாங்க?”

ரயிலுக்கு நேரமாகிறதே என்ற பயத்தில் அந்தப் பெண் பிடியை விட்டுவிட்டாள். அல்வீசே பெட்டியை நெஞ்சோடு தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சந்து முழுக்க நடந்தார். கடைசியில் கால்வாய்ப் பாலம் வந்தது. படிக்கட்டுக்குக் கீழே பெட்டியை இறக்கி வைத்தார். தொப்பியைத் தொட்டு ஒரு வணக்கம் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்.

பதினான்கு படி. அந்தப் பெண் பாவம், பெட்டியைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள்.

ஒர்னெல்லாவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் ஒரு கை கொடுத்துப் பெட்டியை அக்கரை சேர்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“சமதரையில தூக்கிட்டு வர்றீங்க. படி வந்ததும் நைசா கழண்டுக்கிறீங்க. இது என்ன உதவி?”

“மூட்டு வலிம்மா.”

“அப்ப தூக்கவே தூக்காதீங்க. பெட்டிக்குத்தான் சக்கரம் இருக்கே, அவங்களே உருட்டிட்டுப் போறாங்க.”

அல்வீசே தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“அதுவும் மதியம் ஒரு மணி வரைக்கும்தானாமே? ஒண்ணு அடிச்சா, சந்து முனையில போட்டிருக்கிற நாற்காலியை மடிச்சிட்டுக் கிளம்பிடுவீங்களாம். தெருவே சொல்லிச் சிரிக்குது. அதுக்கப்புறம் வர்றவங்க மனுஷங்க இல்லையா?”

அல்வீசே தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

“உரிமம் இல்லாம பெட்டி தூக்கினா அபராதம். நாளைக்கும் இங்க பார்த்தேன்னா, காவலர்கிட்ட சொல்லிடுவேன்.”

“சரிம்மா,” என்றார் அல்வீசே. “நீ போய்த் தூங்கு.”

ஊருக்கு ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு ஒர்னெல்லா போய்ப் படுத்தாள். சந்தின் நடுவில், முதல் மாடியில் அவள் வீடு.

மறுநாள் காலை கண்ணயர்ந்து அரை மணிகூட ஆகவில்லை.

கடகடகடகட.

கல் பாவிய தரையில் பெட்டிச் சக்கரம். அந்தச் சத்தம் தேய்வதற்குள் இன்னொன்று. பிறகு ஒரு குடும்பமே, ஆளுக்கொன்றாக. தலையணையை எடுத்துத் தலைமேல் வைத்துக்கொண்டாள். பிரயோஜனமில்லை.

அடுத்த நாளும் அதே கதை. அன்று ராத்திரி வார்டில் ஒரே நோயாளிக்கு அடுத்தடுத்து இரண்டு தடவை காய்ச்சல் பார்த்தாள். “நீ கொஞ்சம் படுத்துக்கோம்மா, நான் வேணா வார்டைப் பார்த்துக்கிறேன்,” என்றார் அந்த நோயாளி.

காலையில் நேராகச் சந்து முனையில் இருக்கும் ஃபோஸ்காவின் காபிக்கடைக்குப் போனாள். மூலையில் அல்வீசே, சின்னக் கோப்பையில் வெள்ளை ஒயினோடு உட்கார்ந்திருந்தார். ஒர்னெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஃபோஸ்கா அக்கா, நான் வீட்டைக் காலி பண்ணப் போறேன். தூக்கமில்லாம வேலை பார்த்தா யார் உசுருக்காவது ஆபத்தாயிடும்.”

“என்னடி திடீர்னு?”

“சத்தம் தாங்கல. ஆறு மாசமா எவ்வளவு அமைதியா இருந்துச்சு இந்தச் சந்து. இப்ப எங்கேயிருந்துதான் இத்தனை பெட்டி கிளம்புதோ.”

ஃபோஸ்கா காபிக் கோப்பையை அவள் முன்னால் வைத்தாள். “ஏப்ரல்ல குடிவந்த புதுசுல இதே மேஜையில உக்காந்து, தூக்கமில்லன்னு அழுதியே, ஞாபகமிருக்கா?”

“இருக்கு. அப்புறம் தானா சரியாயிடுச்சு.”

“தானாவா?” ஃபோஸ்கா மூலையைப் பார்த்தாள். “அன்னிக்கும் இவர் அங்கதான் உக்காந்திருந்தார். பெட்டி எப்பவும்தான் வந்துட்டிருக்கு. மதியம் ஒரு மணிக்கு நீ எந்திரிக்கிற வரைக்கும் உன் ஜன்னலுக்குக் கீழ உருளாம இருந்துச்சு, அவ்வளவுதான்.”

“உன் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?” என்று ஃபோஸ்காவை முறைத்தார் அல்வீசே.

ஒர்னெல்லா காபியைத் தள்ளி வைத்தாள். எழுந்து அவர் எதிரில் போய் நின்றாள். “பெரியவரே...” என்றாள். சுவரில் சாத்தியிருந்த அவருடைய மடக்கு நாற்காலியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அல்வீசே மிச்ச ஒயினைக் குடித்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார். சந்து முனையில் முதல் பெட்டி தெரிந்தது.

“அன்னிக்கு மூட்டு வலின்னு சொன்னது சும்மாம்மா,” என்றார். “பாலத்துப் படி உன் ஜன்னலுக்குக் கேட்காது. நீ போய்த் தூங்கு.”