நாற்காலி திரும்பும் சத்தம்

மே தினம் என்பதால் ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் எதுவும் போகவில்லை. கிராம சபைக்குப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பியிருக்கின்றன. மஞ்சள் சாமியானாவை ஊடுருவி வரும் வெயில் எல்லா முகங்களுக்கும் ஒரே நிறத்தைப் பூசுகிறது. மேடையில் ஊராட்சித் தலைவர் பாண்டுரங்கன் மைக்கைத் தட்டுகிறார். “குடிதண்ணிக் கெணத்தாண்ட கீற எடத்த லாரி நிறுத்த வுடறோம். தீர்மானம் ரெடி. ஒருத்தர் சொல்லணும், மத்தவங்க கேக்கணும். உங்க கம்பெனில அப்டித்தானே?” முன்வரிசையில் மஞ்சுளா எழுந்து நிற்கிறாள். கார் சீட் தைக்கிற விரல்களில் ஊசித் தழும்புகள். “கம்பெனி மொதலாளியோடது, தலைவரே. ஊரு இன்னா உங்களுதா? ஓட்டோட எங்க வாயையும் சேத்தா குடுத்துட்டோம்?” சொல்லிவிட்டுத் தன் நாற்காலியைப் பின்னால் இருக்கும் ஊராரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்கிறாள். பக்கத்து நாற்காலியும் திரும்புகிறது. பிறகு சிமெண்டுத் தரையில் நாற்காலிக் கால்கள் கரகரவென்று இழுபட, வரிசைகள் கலைந்து பெரிய வட்டமாகின்றன. லாரி வைத்திருக்கும் ராஜாமணி முதலில் கை தூக்குகிறார். அவர் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசவில்லை. அடுத்து ஒரு கை, உடனே இன்னும் இரண்டு. மைக் மேடையில் தனியாக இரைந்துகொண்டிருக்கிறது. பாண்டுரங்கன் கொஞ்ச நேரம் எதிரே தெரியும் முதுகுகளைப் பார்க்கிறார். பிறகு தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கி வருகிறார். “இப்டிப் போடுங்க தலைவரே,” என்று மஞ்சுளா நகர்ந்து இடம் விடுகிறாள். உட்கார்ந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, சுற்றிலும் பார்த்து, நிறுத்திக்கொள்கிறார். பின் மெல்லக் கையைத் தூக்குகிறார்.