ஹாலந்துக்காரன் வருகிறான்

“ஒம்பது மணி நேரம் பிளேன்ல உக்காந்து வந்தாப் போதும், நம்ம ஊரு வெயிலே இவங்களுக்கு ஆகாது!” ஹெர்மினா உதட்டைச் சுழித்தாள். “வெளியில கால் வெச்சதுமே ‘ஐயோ கொசு’ன்னு ஆரம்பிப்பான் பாரு.”

மார்ச் மாதக் கடைசி ஞாயிறு. ஆம்ஸ்டர்டாமிலிருந்து வரும் அண்ணன் மகன் இவானை அழைத்துப்போக, மகள் ஷெரிடாவோடு பாரமரிபோ விமான நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“அவனை எப்படிம்மா கண்டுபிடிக்கிறது? ரெண்டு வயசுல போனவன். போட்டோவுலயும் தொப்பியும் கம்பளியும்தான் தெரியுது.”

“எவன் மூக்கைப் பொத்திக்கிட்டு வர்றானோ, அவன்தான்!”

பக்கத்தில் இருந்த இளைஞன் சிரித்துவிட்டான். காலில் ரப்பர் செருப்பு. கையில் மிளகாய்ச் சட்னி வழியும் பாரா வடை. யாரோ டாக்ஸிக்காரன் என்று ஹெர்மினா நினைத்தாள்.

“நீ யாருக்காகத் தம்பி?”

“எங்க அத்தையைப் பாக்கத்தாம்மா வந்தேன்.”

“பாவம், உனக்கும் ஒரு ஹாலந்துக்காரியா! நாலு நாள் பல்லைக் கடிச்சுக்கோ.”

“உங்க ஆளு ரொம்ப நாள் இருப்பாரா?”

“எதுக்கு? ஆத்தோரத்துல எங்கப்பா வீடும் நிலமும் கிடக்கு. செத்துப்போன அண்ணன் பங்கு இவன் பேருல. இவன் கையெழுத்து இல்லாம ஒரு பிடி மண்ணை விக்க முடியாது. ஹோட்டல்காரன் பெரிய தொகையோட காத்திருக்கான். இந்த மடையன்கிட்ட, ‘வெறும் சேறு, பாம்புகூடக் குடியிருக்காது’ன்னு சொல்லி வெச்சிருக்கேன். ராத்திரி வயிறு முட்டச் சோறு போட்டா, காலையில கையெழுத்து.”

“மெதுவாம்மா!” என்றாள் ஷெரிடா.

“இந்தத் தம்பிக்கென்ன? அவரு சொந்தக்காரங்களைப் பாக்கணும்னு உருகி, ஏழாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் பறந்து வர்றாராம். அவங்கப்பன் பொணத்தோட வரத் தெரியல, இப்ப உருகுது!”

இளைஞன் மெல்லுவதை நிறுத்தினான்.

ஷெரிடா சுற்றிலும் பார்த்தாள். “கூட்டத்தையே காணோமேம்மா. போர்டைப் பாத்துட்டு வரட்டுமா?”

“உக்காருடி. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் எத்தனை பேரை அழைச்சுக்கிட்டுப் போயிருக்கேன்! அங்க நேரத்துக்குக் காலையில பதினொண்ணுக்குக் கிளம்பும், இங்க நேரத்துக்குச் சாயங்காலம் நாலுக்கு இறங்கும். எனக்கா தெரியாது?”

இளைஞன் எழுந்தான். காலுக்கடியில் கிடந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

“கிறிஸ்மஸுக்கு அந்தக் கணக்கு சரி. ஆனா, நேத்து ராத்திரி ஹாலந்துல கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வெச்சுட்டாங்க, இங்க மாத்தல. நான் மூணு மணிக்கே இறங்கிட்டேன், அத்தை.”