பாஞ்சாலை இன்று பாடம் பார்த்துள்ளார்

பாறை இன்னும் சுட்டது. அவன் துண்டை விரித்து உட்கார்ந்தான்.

இந்த மலையில் சிக்னல் கிடைப்பது இந்தப் பாறையில் மட்டும்தான். பாடம் பார்க்கப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த டேப்களை எல்லாம் கோணிப்பையில் போட்டுத் தோளில் சுமந்துகொண்டு, டிசம்பரிலிருந்து தினமும் ஏறுகிறான். ஓராசிரியர் பள்ளியின் ஒரே ஆசிரியர் செய்கிற வேலையா இது என்று கேட்க ஊரில் ஆள் இல்லை. ஊரே குடகுக்குக் காப்பி பறிக்கப் போயிருந்தது. காப்பி முடிந்து இப்போது மிளகு.

பிள்ளைகளும் கூடவே போய்விட்டார்கள்.

டேப்பில் பாடம் பார்க்காத பள்ளியை அடிவாரப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். பத்துப் பெயருக்குக் குறைந்தாலும் அப்படித்தான். அடிவாரம் பதினோரு கிலோமீட்டர். அத்தனை தூரம் இந்தப் பிள்ளைகள் போகமாட்டார்கள். அதோடு படிப்பு முடிந்தது.

அதனால் பத்துப் பேருக்கும் அவனே பாடம் பார்த்தான். பத்துப் பேருக்கும் அவனே தேர்வு எழுதினான். சந்தேகம் வராதிருக்க ஆளுக்கு நான்கைந்து தப்பு போட்டான்.

ஒன்பது பேருக்கு.

பத்தாவது டேப்பை மடியில் எடுத்து வைத்தான். மூலையில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது.

வணக்கம் பாஞ்சாலை, தொடங்கலாமா என்றது திரை.

பாஞ்சாலை தை மாதம் குடகில் காய்ச்சலில் செத்துப்போனாள். அங்கேயே புதைத்துவிட்டார்கள். எந்த அலுவலகத்திலும் எழுதவில்லை. பதிவேட்டிலிருந்து அவள் பெயரை அவன் எடுத்திருக்க வேண்டும். எடுத்தால் ஒன்பது. நாளைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்றே ஒரு மாதம் ஓடிவிட்டது. அவளுக்கு மட்டும் தப்பு போடக் கை வரவில்லை.

காலையில் இதே பாறையில் இருந்தபோது அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மாவட்டத்திலேயே அந்தப் பெண்தான் முதலாம். இன்றைய கடைசித் தேர்விலும் இப்படியே எழுதினால் வெள்ளிக்கிழமை அதிகாரிகள் கேமராவோடு வந்து பரிசு தருவார்களாம். பிள்ளைக்கு நல்ல சட்டை போட்டு வையுங்கள் என்றார்கள். குரலில் அத்தனை சந்தோஷம்.

வந்தால் நிற்க வைக்கப் பிள்ளை இல்லை.

இருபது கேள்வி. பத்துக்குக் கீழே வாங்கினால் முதலிடம் போய்விடும். யாரும் வரமாட்டார்கள். பள்ளி பிழைக்கும். அவ்வளவுதான் செய்ய வேண்டியது.

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினான்.

ஆண்டிச்சி. பாஞ்சாலையின் அம்மா. பிள்ளையைப் புதைத்த இடத்தில் காப்பி பறிக்க முடியாமல் அவள் மட்டும் ஊர் திரும்பியிருந்தாள். டேப்பை மறைக்கப் பார்த்தான். அதற்குள் அவள் பொட்டைப் பார்த்துவிட்டாள்.

"சந்தைக்கு எறங்குனா போன்ல சேதி வருது சார்," என்றாள். "கடைக்காரரு படிச்சுச் சொல்றாரு. இன்னிக்குப் பாஞ்சாலை மூணு பாடம் பாத்தாளாம்."

பெற்றவர்களுக்குச் சேதி போகும் என்று அவனுக்குத் தெரியாது.

அவளே கேட்டாள்.

"இங்கதான் பாக்குறாளா?"

அவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பத்துப் பெயர், அடிவாரம், வெள்ளிக்கிழமை, கேமரா. தான் செய்தது பெரிய பாவம் என்றும் சொன்னான். அவள் திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவள் திட்டவில்லை. புடவையை ஒதுக்கிக்கொண்டு பாறையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க பாருங்க சார்."

அவன் தேர்வைத் தொடங்கினான். திரையில் நேரம் ஓடியது. பதினெட்டு நிமிடம்.

முதல் கேள்வி. பூமியைச் சுற்றி வருவது எது. நிலா என்று பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அவன் சூரியனைத் தொட்டான்.

டொக்கென்று ஒரு சத்தம்.

ஆண்டிச்சி நிமிர்ந்தாள். இந்தச் சத்தம் அவளுக்குப் புதிது. கார்த்திகை முழுக்க அவள் குடிசையில் சாயங்காலமானால் கேட்டது வேறு. சிக்னல் இல்லாமலே ஓடும் பயிற்சியில், சரியான விடைக்குச் சின்னதாக ஒரு மணி அடிக்கும். அடுப்பு ஊதிக்கொண்டே அதைக் கேட்டிருக்கிறாள்.

"என்னா சார் இது?"

தப்பு விடை என்றான். வேண்டுமென்றே போட்டது என்றும், இன்னும் பத்து இப்படிப் போட வேண்டும் என்றும், போட்டால்தான் பள்ளிக்கூடம் நிற்கும் என்றும் மறுபடியும் சொன்னான். புரிந்தது என்பதுபோல அவள் தலையசைத்தாள். பள்ளிக்கூடம் நிற்கணும்தான் என்றாள்.

இரண்டாவது கேள்வி வந்தது. அவன் விரலை நீட்டினான்.

"அவ தப்பாப் போடமாட்டா சார்."

சண்டைக்கு வந்த குரல் இல்லை. தெரியாதவருக்குத் தெரிந்ததைச் சொல்கிற குரல்.

கீழே ஊர் தெரிந்தது. பூட்டிய வீடுகள், பூட்டிய பள்ளிக்கூடம், வெள்ளிக்கிழமை ஜீப் ஏறி வரவேண்டிய பாதை. பங்குனியில் ஒன்பது பிள்ளைகளும் திரும்பி அந்தப் பாதையில்தான் வருவார்கள். அவன் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னும் பதினைந்து நிமிடம்.

மணி அடித்தது.

ஆண்டிச்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்றாவது கேள்விக்கும் அடித்தது. நான்காவதுக்கும்.